ஒரே காரில் குளிரும் கொதிப்பும்: மாற்றியமைத்த வண்டியில் கூலிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வாரத்தில் என் காரின் கணினி இரண்டு எச்சரிக்கைக் குறியீடுகளைப் பதிவு செய்திருந்தது. ஒன்று பி0128: இன்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை. மற்றொன்று பி0217: இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. ஒரே வண்டி, ஒரே வாரம். முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்த்த பட்டறையில் "சென்சார் போய்விட்டது" என்று சொல்லிப் புதிய சென்சார் மாட்டி, குறியீடுகளை அழித்து அனுப்பினார்கள். நான்காம் நாள் இரண்டும் திரும்ப வந்தன.

வண்டி 2016ஆம் ஆண்டு டீசல் ஹேட்ச்பேக். ரீமேப் செய்தது, அதாவது கூடுதல் திறனுக்காகக் கணினியின் மென்பொருளை மாற்றியது. முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வைத்து, அதற்கு இடம் போதாமல் கம்பெனி ஃபேனைக் கழற்றி மெல்லிய ஃபேன் ஒன்றை மாட்டியிருந்தேன். பம்பரில் எல்இடி விளக்குப் பட்டை, கண்ணாடித் தூணில் தனி டெம்பரேச்சர் மீட்டர். காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. முறையாகப் பார்த்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். குறியீடு கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. எந்த அளவீட்டைக் கணினி நம்ப மறுக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தக் கணினிக்குத் தெரிந்தது கம்பெனியிலிருந்து வந்த வண்டி. அந்த ரேடியேட்டர், அந்த ஃபேன், அந்த அளவு டீசல் என்ற கணக்கில்தான் அது எதையும் எடைபோடும். ஆகவே மாற்றியமைத்த வண்டியில் சந்தேகம் முதலில் போக வேண்டியது நாம் கை வைத்த இடத்துக்கு.

முள் ஏறும் நிமிடத்தில்

மற்றதையெல்லாம் வீட்டில் நிதானமாகச் செய்யலாம். இதை மட்டும் சாலையிலேயே செய்தாக வேண்டும்.

டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். மே மாதத்தில் அது கொடுமைதான். ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர். ஓரம் கட்டுவதற்கான நேரத்தை அது வாங்கித் தரும். ஆவி வந்தாலோ, அடியில் தண்ணீர் ஒழுகினாலோ, ஹீட்டரில் சூட்டுக்குப் பதில் குளிர்ந்த காற்று வந்தாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். குளிர்ந்த காற்று வந்தால் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். இவை எதுவும் இல்லாமல் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுப் பார்க்கலாம். அதற்குள் முள் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஏறிய முள் திடீரென்று தானாக விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது அது குறைவாகவே காட்டும். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்து, மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். அது தொய்வாக இருந்தால் மட்டும் ஈரத்துணி போட்டு மெல்லத் திருகலாம். சூடான இன்ஜின் மீது குடத்துத் தண்ணீரை ஊற்றுவதை நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னும் பார்க்கிறேன். சிலிண்டர் ஹெட் கோணிப்போக அது போதும்.

குறியீட்டை அழிக்கும் முன்

ஸ்டீயரிங்கின் கீழே வண்டியின் கணினியைப் படிக்க உதவும், 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். செல்பேசியோடு இணையும் சிறிய கருவியே இந்த வேலைக்குப் போதும். குறியீட்டை எழுதிக்கொண்டதும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பகுதியைத் திறங்கள். கோளாறு தோன்றிய நொடியில் வண்டியின் வேகம், இன்ஜின் சூடு, சுமை எல்லாவற்றையும் கணினி ஒரு புகைப்படம் போலப் பிடித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். என் வண்டியில் அந்தப் பட்டறை செய்த பெரிய தவறு அதுதான்.

இரண்டாம் முறை குறியீடுகள் வந்தபோது நானே பார்த்தேன். பி0128 பதிவானபோது வேகம் 82 கிலோமீட்டர், தண்ணீரின் சூடு 61 டிகிரி. அதிகாலையில் நாங்குநேரிச் சாலையில் போனபோது வந்தது அது. பி0217 பதிவானபோது வேகம் 11 கிலோமீட்டர், சூடு 118 டிகிரி. திருநெல்வேலி டவுன் ரத வீதி நெரிசல். அந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. சென்சார் கெட்டிருந்தால் சாலையைப் பார்த்துப் பொய் சொல்லாது. வேகத்தில் குளிர்கிறது, நின்றால் கொதிக்கிறது. அப்படியென்றால் கோளாறுகள் இரண்டு, அவற்றின் இடங்களும் இரண்டு.

இந்தப் பிரிவினையை எந்த வண்டிக்கும் பயன்படுத்தலாம். வண்ணார்பேட்டை சிக்னலிலும் ஈரடுக்குப் பாலத்து நெரிசலிலும் மட்டும் சூடேறி, நான்குவழிச் சாலையில் இறங்கினால் ஃபேனையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, வள்ளியூர் தாண்டி நூறில் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள்: அடைபட்ட ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், உள்ளே உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஆள் நிறைந்த வண்டி ஏறும்போது மட்டும் சூடேறினால் இரண்டும் அரைகுறையாக இருக்கலாம். அல்லது ரீமேப் கேட்கும் குளிர்ச்சியைத் தர ரேடியேட்டருக்குத் திராணி இல்லாதிருக்கலாம்.

இன்னொரு நிலையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சுழலும் வேகம் எல்லோருக்கும் தெரியும். எதிர்காற்றில் போகும்போது சரியாக இருந்து, பின்காற்றில் திரும்பும்போது முள் ஏறினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று கொள்ளுங்கள். 80இல் ஓடும் வண்டியின் முதுகில் 40 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் முன்பக்கம் கிடைப்பது 40 மட்டுமே.

எந்தக் குறியீடு என்ன கேட்கிறது

பி0117, பி0118 இரண்டும் சென்சார் ஒயரைப் பற்றியவை. இந்தச் சென்சாரில் சூடு ஏறினால் மின்தடை குறையும். ஒயர் அறுந்தால் அல்லது பிளக் கழன்றால் கணினிக்கு மைனஸ் 40 டிகிரி என்று தெரியும்; அது பி0118. திருநெல்வேலியில் மைனஸ் 40 என்ற எண்ணைக் கண்டால் வேறு எதையும் யோசிக்காமல் பிளக்கைப் பாருங்கள். ஒயர் உரசி பாடியைத் தொட்டால் 130 டிகிரிக்கு மேல் தெரியும், அது பி0117. இரண்டிலும் பெரும்பாலான வண்டிகள் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும். சாவி போட்டதும் ஃபேன் இரைந்தால் அதுவே ஓர் அறிகுறி.

பி0116 என்றால் சென்சார் சொல்லும் அளவு நம்பும்படியாக இல்லை. பி0119 என்றால் இணைப்பு விட்டு விட்டு வருகிறது. பிளக்கில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா பாருங்கள். உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர் என்று கடலோரத்தில் புழங்கும் வண்டிகளில் அது சாதாரணம்.

பி0128 பெரும்பாலும் மூடாத தெர்மோஸ்டாட். சில சமயம் தண்ணீர்க் குறைவு. பி0217 உண்மையாகவே சூடு மிகுந்துவிட்டது என்கிறது. அதை ஒருபோதும் சென்சார் என்று ஒதுக்காதீர்கள். பி0480, பி0481 ஆகியவை ஃபேனை இயக்கும் மின்சுற்றைப் பற்றியவை. வெளியில் வாங்கிய ஃபேன் மாட்டிய வண்டிகளில் இவை அடிக்கடி வரும். இன்டர்கூலர் மாற்றிய வண்டியில் இவற்றோடு பி0299 வந்தால் அது டர்போ அழுத்தம் குறைவதைச் சொல்கிறது. இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப்பைப் பாருங்கள், கூலிங்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பி1 என்று தொடங்கும் எண்கள் அந்தந்தத் தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடுகள். ஒரு கம்பெனியின் பொருளை இன்னொரு கம்பெனி வண்டிக்குப் பொருத்திப் படித்தால் வழி தவறிவிடும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது

முதலில் தண்ணீர். ரேடியேட்டரோடு இணைந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அளவு சரியாக இருந்தாலும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் கொதிக்கும் தண்ணீர் பாட்டிலுக்குத் தள்ளப்படும்; குளிரும்போது திரும்பி வராது. பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் காலியாகவும் இருக்கும்.

அந்த மூடியை எளிதாக எண்ணாதீர்கள். தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்தால் அது திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தத்துக்கு அருகில் பிடித்து நிற்கும் மூடி இருந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். மூடி பிடிக்கவில்லை என்றால் அந்த இடைவெளி முழுவதும் நமக்கு இல்லை. மூடியின் மேல் எழுதியுள்ள அழுத்த அளவைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். ரேஸ் மூடி என்று அதிக அழுத்தத்தில் விற்பதை மாட்டினால் பழைய ஹோஸ்களும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் தாங்காது.

திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்; ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரையும் அடர் கூலன்ட்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வரும் கூலன்ட்டை வாங்குங்கள். நம் ஊரில் உறையும் குளிர் இல்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் வருகின்றன. பழையதை வடித்தால் மண்ணில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும் அந்த விஷத்தை நாயும் ஆட்டுக்குட்டியும் நக்கிவிடும்.

பிறகு ஆயில் மூடியின் அடிப்பக்கம். பால் கலந்த காபி நிறத்தில் குழைவு இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டிப்ஸ்டிக்கிலும் அப்படி இருந்தால் வண்டியைக் கிளப்பவே வேண்டாம்.

காற்றுக்கு வழி

மாற்றியமைத்த வண்டிகளில் அதிகம் கோட்டை விடும் இடம் இது.

முன்பக்கம் குனிந்து பாருங்கள். இன்டர்கூலர், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். வெளிக்காற்று 40 டிகிரி என்றால் இன்டர்கூலரையும் கண்டென்சரையும் கடந்து ரேடியேட்டரைத் தொடும்போது அது 40 ஆக இருக்காது. பெரிய இன்டர்கூலர் ரேடியேட்டரின் முகத்தை எவ்வளவு மறைக்கிறது என்று அளந்து பாருங்கள். என்னுடையதில் பாதிக்கு மேல். மூன்றுக்கும் இடையே பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். காற்று எளிய வழியைத்தான் தேடும். ரேடியேட்டருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கம்பெனி வண்டியில் அந்த ஓரங்களில் ரப்பரோ ஃபோமோ வைத்திருப்பார்கள். பம்பர் மாற்றும்போது அதைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். சூடு தாங்கும் ஃபோம் பட்டையை வெட்டி ஓரங்களை அடைத்தேன். அதிகச் செலவில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் பிற்பகல் சூடு 4 டிகிரி குறைந்ததைப் பதிவில் பார்த்தேன்.

விளக்குப் பட்டை, கூடுதல் ஹாரன், கிரில்லுக்குப் பின்னால் கட்டும் வலை எல்லாம் காற்றைத் தின்பவை. முன்பக்கக் கம்பித் தடுப்பு சட்டப்படியே கூடாது.

பிறகு துடுப்புகளுக்குள் டார்ச் அடியுங்கள். தேரிக்காட்டுச் செம்மண், ஈசல், வயலில் பறக்கும் பஞ்சு எல்லாம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பாய் போல ஒட்டியிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. தண்ணீர் அடிப்பதென்றால் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேரே காட்டினால் துடுப்புகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

ஒரு தாள் சொன்ன விடை

ஏசியைப் போட்டால் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிளக், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ரிலேயை அதே அளவுள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பார்க்கலாம். மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சுழல்கிறதா பாருங்கள். ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயரில் கொடுத்தால் ஒயர் சூடாகும், ஃபேன் சோம்பும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். அடுத்து எரியப்போவது ஒயர்.

என் ஃபேன் ஓடியது, நல்ல சத்தத்தோடு. அதனால்தான் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாம் வாரம் மேலப்பாளையத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். ஐம்பது வயதுக்காரர். ஃப்ரீஸ் ஃப்ரேம் எண்களை எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, இந்த நோட்டில் ஒரு தாள் கிழித்துக்கொள்ளலாமா?" என்றார்.

"கிழித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி."

ஏசியைப் போடச் சொன்னார். ஃபேன் இரைந்தது. தாளைக் கிரில்லின் முன் நான்கு விரல் இடைவெளியில் பிடித்து விட்டார். கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தாள் அவர் மார்பை நோக்கிப் பறந்து கீழே விழுந்தது. மறுபடி விட்டார். மறுபடி பறந்தது. ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவில்லை; வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மாட்டியவர் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். டிசி மோட்டார் தலைகீழாகவும் சுழலும். அது பாட்டுக்குச் சுழன்றது. ஊருக்குள் இன்ஜினின் வெந்த காற்றையே ரேடியேட்டருக்குள் தள்ளியது. சாலையில் எதிர்வரும் காற்றோடு மல்லுக்கு நின்றது.

பி0217இன் காரணத்தை அந்தத் தாள்தான் சொன்னது. ஃபேன் மாற்றிய எந்த வண்டியிலும் இதை முதலில் செய்யுங்கள். கூடவே ஃபேனைச் சுற்றி உறை இருக்கிறதா பாருங்கள். உறை இல்லாத மெல்லிய ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் மூலைகள் வீணாகும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடும் பழக்கம்

இனி பி0128. காலையில் கிளப்பியதுமே மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் இன்ஜின் சூடேறும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். பிறகு சட்டென்று சூடாகும். என்னுடையது இரண்டாம் நிமிடத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது. உறையைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. சூடேறுகிறது என்று முன்பு நான் விட்டிருந்த இடத்தில் யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவும் இல்லை.

"நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்று சொல்லி எடுப்பது இங்கே பரவலான பழக்கம். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். இன்ஜின் சூட்டுக்கு வராவிட்டால் கணினி டீசலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் இறங்கும், எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் சூடு வேண்டும். அது நடக்காமல் அடைபட்டால் செலவு பெரிது. இன்னொன்றும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றும். சூட்டைக் குறைக்க எடுத்ததே சூட்டைக் கூட்டும்.

புதியதை மாட்டும் முன் சோதித்துவிடுங்கள். சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். வெப்பமானி போடுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் அளவு, உதாரணமாக 82 டிகிரி, வரும்போது திறக்கத் தொடங்க வேண்டும். 95ஐ நெருங்கும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். மாட்டும்போது காற்று வெளியேறும் சிறு ஓட்டை மேல்பக்கம் இருக்கட்டும்.

தண்ணீர் நிரப்பியபின் உள்ளே காற்று தங்கினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் திருகு இருந்தால் திறந்து, குமிழி நிற்கும்வரை மெல்ல ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஆறியபின் மறுநாள் காலை அளவைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்கும், நிரப்புங்கள்.

தனி மீட்டர் மாட்டியவர்களுக்கு

கூடுதல் டெம்பரேச்சர் மீட்டருக்குத் தனிச் சென்சார் போடாமல், கம்பெனிச் சென்சாரின் ஒயரிலேயே கொக்கி போட்டு எடுப்பார்கள். அப்போது கணினி காணும் மின்னழுத்தம் மாறிவிடும். உண்மையில் 95 டிகிரி இருக்கும்போது அது வேறொன்றைப் படிக்கும், ஃபேனைத் தவறான நேரத்தில் போடும். பி0116 வந்த வண்டியில் இப்படி ஒரு கொக்கி இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். தனி மீட்டருக்குத் தனிச் சென்சார்தான் முறை.

சென்சாரைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். பிளக்கைக் கழற்றி மின்தடையைப் பாருங்கள். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அருகிலும் 80 டிகிரியில் 300 ஓம் அருகிலும் இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உண்டு. இன்ஜினின் எர்த் ஒயரையும் விடாதீர்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே, ஃபேனும் விளக்குகளும் எரியும்போது, 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம். ஆம்ப்ளிஃபயர், ஹாரன், எல்இடி என்று எல்லாவற்றையும் ஒரே எர்த் போல்ட்டில் கட்டிய வண்டிகளில் சென்சார்கள் தாறுமாறாகப் பேசும்.

ஹெட் கேஸ்கட்

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், பாட்டிலில் குமிழி நிற்காமல் வந்தால், ஒழுக்கு எங்கும் தெரியாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். புகைவாயு கலந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும் சோதனைத் திரவம் கிடைக்கிறது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் முன் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிவிட்டால் ஹெட்டின் மட்டத்தைப் பார்க்காமல் புதிய கேஸ்கட் போட அனுமதிக்காதீர்கள்.

ரீமேப் செய்தவரிடம் கேட்க வேண்டியவை

எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியின் பெரும்பகுதி புகையிலும் கூலன்ட்டிலும் வெளியேறுகிறது. 75 குதிரைத்திறன் 95 ஆனால், முழு விசையில் ஓட்டும்போது ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய சூடும் அதே அளவில் ஏறும். ரேடியேட்டர் மட்டும் பழையதே.

எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் சூடேறினால் பழைய கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றச் சொல்லி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சூடு போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. இன்னொரு கேள்வியையும் நேராகக் கேளுங்கள்: எந்தெந்தக் குறியீடுகளை அணைத்திருக்கிறீர்கள்? ரீமேப் செய்யும்போதே சில எச்சரிக்கைகளை நிரந்தரமாக நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அத்தகைய வண்டியில் டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருப்பதற்குப் பொருளே இல்லை. பி0217ஐ யாராவது அணைத்திருந்தால் அன்றே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. இதைப் படித்தபின் நான் விளக்குப் பட்டையைக் கழற்றினேன். கம்பெனி மேப்புக்கும் திரும்பிவிட்டேன். கம்பெனி இன்டர்கூலரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் உறையோடு கூடிய பழைய ஃபேனும் தன் இடத்துக்குத் திரும்பும்.

சாலையில் சரிபார்ப்பது

குறியீடுகளை இப்போது அழிக்கலாம். செல்பேசியில் தண்ணீரின் சூடு, வேகம், சுமை மூன்றையும் பதிவில் போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்; ஓட்டுபவர் திரையைப் பார்க்க வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில் கிளப்பி நாங்குநேரி வரை சுமார் 30 கிலோமீட்டர் சீராகப் போங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் தண்ணீரின் சூடு 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் பி0128 முடிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஏசியோடு வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் என்று ஊருக்குள் சுற்றுங்கள். ஏசி ஓடும்போது ஃபேன் எப்போதும் சுழலும். ஆகவே ஏதாவது ஒரு நிழலில் நிறுத்தி, ஏசியை அணைத்து ஐடிலில் விட்டு, ஃபேன் தானாக எந்தச் சூட்டில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 95க்கும் 100க்கும் இடையில் வரும்.

என் வண்டியில் தம்பி எண்களைப் படித்துக்கொண்டு வந்தான். ஈரடுக்குப் பாலத்தின் அடியில் நிறுத்தி ஏசியை அணைத்தோம். 94, 95, 96. ஃபேன் இரைந்தது. 93. 91. நின்றது. அன்று மாலை வரை 98ஐத் தாண்டவில்லை.

500 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கழற்றி மாட்டிய எல்லா ஹோஸ் கிளாம்ப்புகளையும் ஒருமுறை இறுக்குங்கள். புதிய ஹோஸ் சூட்டில் படிந்த பிறகு கிளாம்ப் சற்றுத் தளர்ந்திருக்கலாம்.